பாரை மீனின் வெள்ளி உடலும் கடல் வாழ்க்கையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சென்ற இதழில், ஐஸில் வைத்து விற்கப்படும் கடல் மீனை எப்படிப் பார்த்து வாங்குவது என்று கேட்ட வாசகி ஒருவருக்கு எழுதிய பதிலில், பாரையின் வெள்ளிப் பளபளப்பு மங்கியிருந்தால் அதை விட்டுவிடுங்கள் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் எழுதிய கடிதங்கள் இந்த மாதப் பகுதி முழுவதையும் நிரப்பிவிட்டன. கடலுக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தள்ளி வாழ்பவர்கள் ஒரு கடல் மீனைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாகக் கேட்டிருப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்தே விடையளித்திருக்கிறேன்.

கேள்வி (கிருஷ்ணகிரி வாசகர்): எங்கள் ஊர் மீன் கடையில் பாரை என்று கேட்டால், ஒரு வாரம் தட்டையாகவும் அகலமாகவும் ஒரு மீனைத் தருகிறார்கள்; அடுத்த வாரம் கனத்த தலையும் பெரிய கண்ணுமாக வேறொன்றைத் தருகிறார்கள். இவற்றில் எது உண்மையான பாரை?

பதில்: இரண்டுமே பாரைதான், கடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. ஏறக்குறைய 150 இனங்கள் அடங்கிய ஒரு பெருங்குடும்பத்தில் பெரும்பகுதியைக் கடற்கரையில் பாரை என்றே சொல்கிறார்கள். தேவைப்பட்டால் முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்து மஞ்சள் பாரை, கண்ணாடிப் பாரை என்று பிரித்துச் சொல்வார்கள். உருவம் எவ்வளவு மாறினாலும் சில அடையாளங்கள் குடும்பம் முழுவதற்கும் பெரும்பாலும் பொதுவானவை. மீனைப் பக்கவாட்டில் கிடத்தி, செவுள் மூடியின் பின்னாலிருந்து வால் வரை ஓடும் மெல்லிய கோட்டைப் பாருங்கள். பக்கக்கோடு எனப்படும், நீரின் அசைவை உணரும் உறுப்பு அது. தொடக்கத்தில் முதுகுப் பக்கமாக வளைந்து செல்லும் அந்தக் கோடு, உடலின் நடுப்பகுதியைத் தாண்டியதும் நேராகிவிடும். நேரான அந்தப் பகுதியில் செதில்கள் சாதாரணச் செதில்களாக இல்லாமல், நடுவில் முகடும் பின்னோக்கிய கூர்முனையும் கொண்ட கெட்டித் தகடுகளாக மாறி, வாலடியில் ஒரு பட்டையாக அமைந்திருக்கும். தலையிலிருந்து வாலை நோக்கித் தடவினால் விரல் வழுக்கிக்கொண்டு போகும். வாலிலிருந்து தலையை நோக்கித் தடவினால் தோலைக் கிழித்துவிடும். மீன் வெட்டுபவர்கள் வேறு எதையும் தொடுவதற்கு முன், வாலடியில் கத்தியைப் படுக்கவைத்து அந்தப் பட்டையைச் சீவி எறிவதைக் கவனித்திருப்பீர்கள்.

இன்னொரு அடையாளம் அடிப்பக்கத்தில் இருக்கிறது. குதத்துடுப்புக்குச் சற்று முன்னால், துடுப்போடு ஒட்டாமல் தனியாக இரண்டு குட்டை முட்கள் நிற்கும். முதுகில் இரண்டு துடுப்புகள் உண்டு; முள் துடுப்பான முதலாவது, மீன் வேகமாகச் செல்லும்போது முதுகிலுள்ள ஒரு பள்ளத்துக்குள் மடிந்துவிடும் என்பதால், கடையில் பல சமயம் அது கண்ணில் படுவதே இல்லை. நகத்தால் நெம்பிப் பாருங்கள், எழும்பும்.

நீங்கள் குறிப்பிட்ட கனத்த தலை மீன்களில் இரண்டு இனங்களை எளிதாகப் பிரிக்கலாம். நெற்றி ஏறக்குறைய செங்குத்தாக இறங்கி, நெஞ்சுப் பகுதியில் சிறு திட்டு ஒன்றைத் தவிரச் செதிலே இல்லாமல் வழவழப்பாக இருந்தால், அது இக்குடும்பத்தின் மிகப் பெரிய பாரைகளுள் ஒன்றான கேரங்ஸ் இக்னோபிலிஸ். அதை இந்தப் பகுதியில் பெரும்பாரை என்று குறிப்பிடுகிறேன். நெஞ்சு முழுவதும் செதில் இருந்து, செவுள் மூடியின் மேல் முனையில் ஒரு சிறு கறுப்புப் புள்ளியும், இரண்டாம் முதுகுத் துடுப்பின் நுனியில் வெள்ளையும் தெரிந்தால், அது பெரிய கண் பாரை எனப்படும் கேரங்ஸ் செக்ஸ்ஃபேசியேட்டஸ். பெரும்பாரை 170 சென்டிமீட்டர் நீளமும் 80 கிலோ எடையும் வரை வளரக்கூடியது என்பதால், உங்கள் தராசில் ஏறும் இரண்டு கிலோ மீன் இன்னும் வாலிபத்தை எட்டாத ஒன்று.

இங்கே ஒரு உபரித் தகவல். நீங்கள் வவ்வால் என்று வாங்கும் மீன்களில் கறுப்பு வவ்வாலும் இந்தப் பாரைக் குடும்பத்தைச் சேர்ந்ததே. வெள்ளை வவ்வாலோடு அதற்கு நெருங்கிய உறவு இல்லை. அடுத்த முறை கறுப்பு வவ்வாலின் வாலடியையும் தடவிப் பாருங்கள். மென்மையானதாக இருந்தாலும் அதே தகடுகள் விரலில் படும்.

கேள்வி (பாலக்கோடு, பள்ளி ஆசிரியை): மீன்களின் தற்காப்பு பற்றிப் பாடம் நடத்தும்போது ஒரு மாணவி எழுந்து, ஒளிந்து வாழவேண்டிய மீன் ஏன் வெள்ளிபோல மின்ன வேண்டும், தூரத்திலிருந்தே தெரிந்துவிடாதா என்று கேட்டாள். சரியான விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பதில்: மீன் மின்னுவது கடையில்தான், கடலில் அதே உடல் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. எப்படி என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாரையின் தோற்றத்தில் இதைவிட வியப்பான செய்தி வேறில்லை.

பாரையின் தோலிலும் செதில்களின் அடிப்புறத்திலும் குவானின் என்ற பொருளாலான மிக மெல்லிய படிகத் தகடுகள் அடுக்கடுக்காக உள்ளன. எல்லா உயிர்களின் டி.என்.ஏ.விலும் நான்கு அடிப்படைப் பொருள்களில் ஒன்றாக இருக்கும் அதே குவானின்தான் இது. உலோகம் துளியும் இல்லை. படிகமும் செல் சாறும் மாறி மாறி அமைந்த அந்த அடுக்கில் ஒளி ஒவ்வொரு எல்லையிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது. அடுக்கின் கனத்தைப் பொறுத்து ஓர் அடுக்கு நீல ஒளியையும் இன்னொன்று பச்சையையும் மற்றொன்று சிவப்பையும் மிகுதியாகத் திருப்ப, அவை கலந்து நம் கண்ணுக்கு வெள்ளியாகத் தெரிகின்றன. 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் செயற்கை முத்து செய்தவர்கள், ஆற்று மீன் ஒன்றின் செதில்களிலிருந்து இந்தப் படிகங்களை அலசியெடுத்தே கண்ணாடி மணிகளுக்கு முத்தின் ஒளியைக் கொடுத்தார்கள்.

இனிக் கடலுக்குள் இருக்கும் வெளிச்சத்தைப் பார்ப்போம். மேலிருந்து வரும் ஒளி மிகுதி, கீழிருந்து வருவது மிகக் குறைவு. ஆனால் மீனின் மட்டத்தில் நின்று எந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாலும் வெளிச்சம் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். அப்படிப்பட்ட நீரில் ஒரு கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்தினால், அதில் தெரியும் நீரும் அதன் பின்னால் மறைந்திருக்கும் நீரும் ஒரே வெளிச்சத்தில் இருப்பதால், அங்கே கண்ணாடி ஒன்று இருப்பதே பார்ப்பவருக்குத் தெரியாது. மீனின் உடல் வளைவானதாயிற்றே, அது எப்படிச் செங்குத்துக் கண்ணாடி ஆகும் என்று உங்கள் மாணவி அடுத்துக் கேட்கக்கூடும். அதற்கான விடையை 1960-களில் இங்கிலாந்தின் பிளிமத் கடலாய்வுக்கூடத்தில் எரிக் டென்டன் வெள்ளி நிற மீன்கள் பலவற்றை ஆராய்ந்து கண்டறிந்தார். படிகத் தகடுகள் உடலின் வளைவைப் பின்பற்றிச் சாய்வதில்லை. தோல் எந்தப் பக்கம் வளைந்தாலும், மீன் நிமிர்ந்து நீந்தும்போது தகடுகள் செங்குத்தாகவே நிற்கும்படி அமைந்திருக்கின்றன. முதுகு நீலப்பச்சையாக இருண்டிருப்பதால் மேலிருந்து பார்க்கும் பறவைக்கு ஆழ்கடலின் இருட்டோடு கலந்துவிடுகிறது. வெளுத்த வயிறு கீழிருந்து நோக்கும் கண்ணை ஓரளவு ஏமாற்றுகிறது. கீழிருந்து பார்க்கும்போது விழும் நிழலை முழுமையாக மறைப்பது எந்த மீனாலும் எளிதன்று.

கடையில் மீன் நிமிர்ந்து நிற்பதில்லை, படுத்துக் கிடக்கிறது. செங்குத்தாக நிற்பதற்கென்று அமைந்த கண்ணாடி கூரையைப் பார்த்துக் கிடப்பதால், மேலே தொங்கும் பல்பின் வெளிச்சம் அப்படியே நம் கண்ணுக்கு வந்துவிடுகிறது. கடலிலும் மீன் ஒருக்களித்துத் திரும்பும் கணத்தில் பளீரென்று மின்னத்தான் செய்யும். வகுப்பில் காட்ட வேண்டுமானால், செதிலோடு கூடிய பாரைத் தோலில் ஒரு துண்டை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்துக் காட்டுங்கள். ஒரு சாய்வில் வெள்ளியாகவும் மறு சாய்வில் நீலப்பச்சையாகவும் அது மாறுவதைப் பிள்ளைகளே பார்த்துச் சொல்வார்கள்.

கேள்வி (ஊத்தங்கரை வாசகர்): வெள்ளியாக இருக்கும் பாரைகளுக்கு நடுவே சில சமயம் சாம்பல் பூத்தோ, ஏறக்குறைய கறுப்பாகவோ ஒன்று கிடக்கிறது. அது கெட்டுப்போன மீனா?

பதில்: நிறத்தை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாரையில் வளர்ந்த ஆண்கள் பல சமயம் கருஞ்சாம்பலாகவோ கரியநிறமாகவோ இருக்கும். பெண்கள் வெள்ளியாகவே இருக்கும். பெரிய கண் பாரையில் இது இன்னும் வெளிப்படையானது. நூற்றுக்கணக்கில் வெள்ளியாகச் சுழலும் கூட்டத்திலிருந்து இணை சேரும் வேளையில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பிரிந்து வரும். ஆண் சிறிது நேரத்தில் கறுத்துவிடும், பெண்ணின் வயிற்றோடு ஒட்டியபடி அதன் ஒவ்வொரு திருப்பத்தையும் பின்பற்றி நீந்தும். கூட்டத்துக்குத் திரும்பியதும் மீண்டும் வெள்ளியாகிவிடும். முத்துக்குளிப்போர்போல் நீரில் மூழ்கிப் பார்ப்பவர்கள் பலரும் அதை ஒரு பெரிய மீனும் அதன் நிழலும் என்றே முதலில் எண்ணுகிறார்கள்.

கெட்டுப்போனதா என்பதைக் கண்ணும் செவுளும் சொல்லும். கண் பிதுங்கித் தெளிவாகவும், செவுள் சிவந்தும், விரலால் அழுத்திய இடம் உடனே எழும்பியும் இருந்தால் கறுத்த பாரையையும் தயங்காமல் வாங்கலாம். நான் சென்ற மாதம் சொன்ன மங்கல் வேறு. அது வெள்ளி மீனில் தோலின் பளபளப்பு போய், மேலே வெளுத்த கொழகொழப்பு படர்வது. பாரை, சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் சில மணி நேரம் கிடந்தால், பாக்டீரியாக்கள் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கிவிடும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழியாது. சாப்பிட்டவுடன் நாக்கு காரமாக எரிந்து, முகம் சிவந்து, தலை வலிக்கத் தொடங்கினால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். லாரியில் நெடுந்தூரம் வரும் மீனை வாங்கும் நம் மாவட்டங்களில், மீன் எப்போது பிடிபட்டது என்பதைவிட வழி முழுவதும் ஐஸ் இருந்ததா என்பதே முக்கியம்.

கேள்வி (ஓசூர், மென்பொருள் ஊழியர்): பெரும்பாரை பவளப்பாறைகளில் எப்படி வாழ்கிறது? பறக்கும் பறவையையே அது பிடித்துத் தின்கிறது என்று நண்பர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நண்பர் சொல்வது உண்மை, ஆனால் அது எல்லாப் பாரைகளின் அன்றாட வழக்கமன்று. இந்தியப் பெருங்கடலில் செஷல்ஸ் நாட்டின் ஃபார்குவார் பவளத்தீவில் ஆலா என்னும் கடற்பறவைகள் பெருங்கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. புதிதாகப் பறக்கப் பழகும் குஞ்சுகள் களைத்து நீரில் இறங்கும் பருவத்தில் பெரும்பாரைகள் அங்கே வந்து காத்திருந்து, நீரில் அமர்ந்தவற்றை விழுங்குவதோடு, நீருக்கு மேல் தாழப் பறப்பவற்றையும் எம்பிப் பிடிக்கின்றன. 2017-இல் ஒளிபரப்பான காட்சிகளில் உலகமே அதைப் பார்த்தது. நீருக்கடியிலிருந்து பார்க்கும் மீனுக்கு ஒளி வளைவதால் பறவை வேறிடத்தில் இருப்பதாகத் தெரியும். அதையும் ஈடுகட்டி, பறவையின் வேகத்தையும் கணித்து எம்பவேண்டும். மீனுக்கு மூளை இல்லை என்று பேச்சுவாக்கில் சொல்பவர்கள் அந்தக் காட்சியை ஒருமுறை பார்ப்பது நல்லது.

அன்றாட வாழ்க்கை இவ்வளவு பரபரப்பானதன்று. செங்கடலிலிருந்து ஹவாய் வரை பரவியுள்ள இந்த மீன், பவளப்பாறையின் வெளி விளிம்பிலும், பாறைகளுக்கு இடையே நீரோட்டம் விரைந்து செல்லும் வாய்க்கால்களிலும் மிகுதியாகக் காணப்படும். தமிழகத்தில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் அமைந்த மன்னார் வளைகுடாவிலும், அதற்கு வடக்கே பாக் நீரிணையிலும் பாரைகள் பல இனங்களாக வாழ்கின்றன. இளமையில் கூட்டமாகத் திரிபவை, வளர வளரத் தனித்துத் திரிய விரும்புகின்றன. ஹவாய்த் தீவுகளில் ஒலியெழுப்பும் சிறு கருவிகளைப் பொருத்திப் பின்தொடர்ந்தபோது, ஒவ்வொரு மீனும் தனக்கெனச் சில இடங்களை வைத்துக்கொண்டு அவற்றுக்கே மீண்டும் மீண்டும் திரும்பி வருவதும், கோடையில் நிலவின் குறிப்பிட்ட நாள்களில் முட்டையிடுவதற்காகப் பலவும் ஓரிடத்தில் திரள்வதும் தெரியவந்தன.

வேட்டையில் அது அவசரக்காரன் அன்று. சிறு மீன்கள், கணவாய், நண்டு, சிங்கி இறால் என எதையும் விடாது. விடியலிலும் அந்தியிலும் இரவிலும், வெளிச்சம் மங்கிய நேரங்களிலேயே மிகுதியாக இரை தேடுகிறது. அப்போது வெள்ளிப் பக்கங்களின் மறைப்பு இன்னும் நன்றாக வேலை செய்யும் என்று கருத இடமிருக்கிறது. பிறர் உழைப்பில் பங்கு கேட்கவும் அதற்குத் தெரியும். ஹவாயின் வடமேற்குத் தீவுகளில் கடல் சீல்கள் அடித்தளக் கற்களைப் புரட்டி இரை தேடும்போது, பெரும்பாரைகள் பக்கத்திலேயே நின்று தப்பியோடும் மீன்களைப் பிடித்துக்கொள்கின்றன. வேறு சில பாரைகள் மணலைக் கிளறும் திருக்கைகளையும் நவரைகளையும் இப்படியே பின்தொடர்கின்றன.

இதற்கு நேர்மாறான கதை மஞ்சள் பாரையின் குஞ்சுடையது. பளிச்சென்ற மஞ்சள் உடலில் கறுப்புப் பட்டைகளோடு, ஒளிவுமறைவே இல்லாமல் சுறாவின் மூக்குக்கு முன்னாலும் பெரிய களவா மீன்களின் பக்கத்திலும் அது நீந்தும். சுறா பிடிக்க முடியாத அளவுக்குச் சிறியதாகவும் சுறுசுறுப்பாகவும் இருப்பதால் சுறாவிடமிருந்து அதற்கு ஆபத்தில்லை. சுறாவின் அருகில் இருப்பதால் வேறு எந்த மீனும் அதன்மேல் கைவைப்பதில்லை. வளர வளரப் பட்டைகள் மங்கி, உடல் வெள்ளியாகி, சில கறுப்புப் புள்ளிகள் மட்டும் மிஞ்சும். தாடையில் பற்களும் இல்லாமல் போகும். பின்னர் அது வாயைக் குழாய்போல் நீட்டி, மணலை உறிஞ்சி, அதிலுள்ள சிறு நண்டுகளையும் சிப்பிகளையும் தின்று வாழும். அதே குடும்பத்தில் பிறந்தும் பெரும்பாரைக்கும் இதற்கும் பழக்கத்தில் எவ்வளவு தூரம்!

கேள்வி (காவேரிப்பட்டினம் வாசகர்): தென்பெண்ணை கடலூர் அருகே கடலில் கலக்கிறது. பாரைக் குஞ்சுகள் கழிமுகத்துக்குள் வரும் என்று படித்தேன். அப்படியே ஏறிக் கிருஷ்ணகிரி அணை வரை வர முடியுமா? ஒகேனக்கல்லில் இது கிடைக்குமா?

பதில்: வர முடியாது என்பதற்கான முதற்காரணம் அணைகள். கடலூரிலிருந்து தென்பெண்ணையில் ஏறும் மீன் சாத்தனூர் அணையைக் கடந்தால்தான் கிருஷ்ணகிரி அணையின் அடிவாரத்தையே காண முடியும். ஒகேனக்கல்லுக்குக் கீழே 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை நிற்கிறது. முட்டையிடுவதற்கென்றே கடலிலிருந்து காவிரியில் ஏறிவந்த உல்லம் மீனின் வரத்தே அதன்பின் பெரிதும் குறைந்துபோனது. ஒகேனக்கல் பரிசல் துறையில் உங்களுக்கு வறுத்துத் தரும் கட்லாவும் கெண்டையும் வாளையும் நன்னீரிலேயே பிறந்தவை.

ஆனால் அணைகளே இல்லாவிட்டால் வருமா என்று கேட்டால், விடை சுவையானது. பாரையின் முட்டைகள் கடலில் மிதந்து பொரிகின்றன. குஞ்சுகள் கரையோர மணல்பரப்புகளுக்கும் கடற்புல் வெளிகளுக்கும் கழிமுகங்களுக்கும் வந்து, பெரிய மீன்களின் வாய்க்கு எட்டாத ஆழமற்ற நீரில் வளர்கின்றன. உப்பு குறைந்த நீரை அவை நன்றாகத் தாங்கும். கடல் நீரில் இருக்கும் மீன் தன் உடலிலிருந்து நீரை இழந்துகொண்டே இருப்பதால், கடல் நீரைக் குடித்து உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றவேண்டும். நன்னீரில் வேலை தலைகீழாகி, உடலுக்குள் புகும் நீரைச் சிறுநீராக வெளியேற்றி உப்பைக் காப்பாற்றிக்கொள்ளவேண்டும். எல்லாக் கடல் மீன்களாலும் இப்படி மாறிக்கொள்ள முடியாது. பெரும்பாரையால் முடியும் என்பதற்குப் பிலிப்பைன்ஸில் உள்ள தால் ஏரி சான்று. கடலோடு அகலமாக இணைந்திருந்த அந்த நீர்நிலை, 1754-ஆம் ஆண்டின் பெரும் எரிமலை வெடிப்பில் வாய் அடைபட்டு, பான்சிபிட் என்ற சிறு ஆற்றின் வழியாக மட்டும் கடலோடு தொடர்புகொண்டு, காலப்போக்கில் நன்னீர் ஏரியாகிவிட்டது. அந்த ஏரியில் இன்றும் பெரும்பாரை வாழ்கிறது. மாலிபுடோ என்ற பெயரில் அங்கே மிக உயர்ந்த விலைக்கு விற்கப்படுகிறது. ஆகவே நன்னீர் பெரும்பாரைக்கு நஞ்சன்று. கடலுக்குப் போய்வரும் வழி திறந்திருக்கவேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி (பர்கூர், பண்ணைக்குட்டை வைத்திருக்கும் வாசகர்): அப்படியானால் என் குட்டையில் பாரை வளர்க்கலாமா?

பதில்: வேண்டாம். இந்தக் குடும்பத்தில் வளர்ப்புக்கு வந்திருப்பது வெள்ளிப் பாம்பனோ என்ற இனம். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் 2011-இல் இந்தியாவில் முதன்முறையாக அதன் குஞ்சுகளை உற்பத்தி செய்தது. கடலில் மிதக்கும் கூண்டுகளிலும் கடலோர உவர்நீர்க் குளங்களிலும் அதை வளர்க்கிறார்கள். மழைநீர் தேங்கும் பண்ணைக்குட்டைக்கு அது ஏற்றதன்று. கடல் மீனே வேண்டும் என்ற ஆசை விடவில்லை என்றால், நன்னீரிலும் வளரும் கொடுவாவைப் பற்றி மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். அது மற்ற மீன்களைத் தின்றுவிடும் என்பதால் கட்லாவோடு சேர்த்து மட்டும் விடாதீர்கள்.

கேள்வி (தருமபுரி வாசகி): பாரைத் துண்டுகளின் நடுவில், தோலை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஒரு சதை இருக்கிறது. குழம்பில் அது மட்டும் கசப்பாக இருக்கிறது. ரத்தம் உறைந்ததா?

பதில்: ரத்தம் உறைந்ததன்று, வேறு வகைத் தசை. பாரை நீந்துவதைப் பார்த்தால் உடலின் முன்பகுதி பெரிதும் அசையாது. பின்பகுதியும் வாலுமே விசிறுகின்றன. ஓய்வின்றி நாள் முழுவதும் மெதுவாக நீந்துவதற்கு, ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மயோகுளோபின் நிறைந்த சிவப்புத் தசை தேவை. அதுதான் பக்கக்கோட்டை ஒட்டி அந்தப் பட்டையாக ஓடுகிறது. இரையின்மேல் பாயும் சில நொடிகளுக்கு மட்டும் வேலை செய்வது சுற்றியுள்ள வெளிர்ந்த தசை. பாறைக்குள் பதுங்கியே வாழும் களவாவை வெட்டிப் பார்த்தால் இந்தச் சிவப்புப் பட்டை மிக மெல்லியதாக இருக்கும். அதில் கொழுப்பும் இரும்புச் சத்தும் மிகுதி என்பதால் விரைவில் வாடை வந்துவிடும். உங்களுக்குப் பிடிக்காவிட்டால், துண்டு போடும்போதே கத்தி நுனியால் கீறி எடுத்துவிடச் சொல்லுங்கள். புளியும் மிளகும் தூக்கலாகப் போட்டால் எனக்கு அது பிடிக்கவே செய்கிறது.

கேள்வி (அரூர், கல்லூரி மாணவர்): பெரும்பாரைக்கு விலங்கியல் பெயர் சூட்டியவர் யார்? அது எத்தனை ஆண்டு உயிர்வாழும்?

பதில்: பெயர் சூட்டியவர் பீட்டர் ஃபோர்ஸ்கால் என்ற இயற்கை ஆய்வாளர். டென்மார்க் மன்னர் ஐந்தாம் ஃபிரெடெரிக் அரேபியாவுக்கு அனுப்பிய ஆய்வுக் குழுவில் 1761-இல் புறப்பட்ட அவர், செங்கடல் கரையில் மீன்களைச் சேகரித்து விரிவான குறிப்புகள் எழுதினார். 1763-இல் ஏமன் நாட்டில் மலேரியா கண்டு இறந்துபோனார். அந்தக் குழுவில் சென்ற ஆறு பேரில் உயிருடன் ஊர் திரும்பியவர் கார்ஸ்டன் நீபூர் ஒருவரே. அவர்தான் ஃபோர்ஸ்காலின் குறிப்புகளைத் தொகுத்து 1775-இல் வெளியிட்டார். அறிவியல் நூல்களில் இந்த மீனின் பெயருக்குப் பின்னால் இன்றும் அந்த ஆண்டே இடம்பெறுகிறது.

வயதைச் செவிக்கல்லின் வளையங்களைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். மீனின் தலைக்குள், சமநிலையையும் ஒலியையும் உணர உதவும் சிறு சுண்ணாம்புக் கல் அது. ஹவாய் மீன்களில் செய்த ஆய்வுகளின்படி, பெரும்பாரை ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் நீளத்தில், மூன்றரை ஆண்டு வயதில் பருவமடைகிறது. 25 ஆண்டுகள் வரையிலும் உயிர்வாழக்கூடும்.

கேள்வி (பென்னாகரம் வாசகர்): பாரை சத்தமிடுமா? ராமேஸ்வரத்தில் வலையிலிருந்து எடுத்தபோது கர்கர் என்று கேட்டது.

பதில்: சரியாகவே கேட்டிருக்கிறீர்கள். இக்குடும்பத்து மீன்கள் சில, தொண்டைப் பற்களை ஒன்றோடொன்று உரசி ஒலியெழுப்புகின்றன. வயிற்றிலுள்ள காற்றுப்பை அதைப் பெரிதாக்கிக் கொடுக்கிறது.

கேள்வி (கிருஷ்ணகிரி, மற்றொரு வாசகர்): எந்த மாதங்களில் நல்ல பாரை கிடைக்கும்? ஏப்ரல், மே மாதங்களில் விலை ஏறிவிடுகிறதே?

பதில்: கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு, மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஏப்ரல் பிற்பாதியிலும் மே மாதத்திலும் நம் ஊர்களுக்கு வரும் பாரை பெரும்பாலும் கேரளம், கர்நாடகக் கரைகளிலிருந்து வரவேண்டியிருப்பதால் விலை ஏறுவது இயல்பு. ஜூன் முதல் இரண்டு வாரங்களில் இரு கரைகளிலும் தடை ஒன்றாக நடப்பில் இருக்கும்; அப்போது ஐஸ் பெட்டியில் பெரிய பாரை கிடந்தால், அது நாட்டுப்படகு பிடித்துவந்ததா, குளிர்பதனக் கிடங்கில் பல வாரம் கிடந்ததா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.